ஊர்ச் சேனல் நடத்துவது எப்படி: வீடியோ டெக் காலம் முதல் செட்டாப் பாக்ஸ் வரை முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ‘லோக்கல் சேனல்’ என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். தேரோட்டம், பள்ளி ஆண்டு விழா, குடிநீர் வராத தெரு, காணாமல் போன மாடு, நகைக்கடை விளம்பரம் எல்லாம் வரும் சேனல் அது. செயற்கைக்கோள் சேனல்களின் பணமும் ஆள்பலமும் அதற்குக் கிடையாது. ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று உண்டு: கோயில் வாசலையும் பேருந்து நிலையத்தையும் தாண்டி வீட்டுக்குள் வரை ஓடும் சொந்தக் கம்பி. கேமரா வாங்குவது முதல் நேரலை வரை எந்த முடிவையும் அந்தக் கம்பியை மனத்தில் வைத்து எடுத்தால் செலவு குறையும், சேனலும் நிலைக்கும். இந்த வழிகாட்டி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

எப்படி வந்தது

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1980களின் நடுவில்தான் குறைந்த சக்தி ஒளிபரப்பிகள் வழியாகப் பல ஊர்களுக்குத் தூர்தர்ஷன் எட்டியது. கடலோர ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்க உயரமான ஆன்டெனா கட்டியவர்களும் உண்டு. அதே காலத்தில் வீடியோ டெக் வந்தது. ஒரு டெக், படத்தை டிவி அலைவரிசைக்கு மாற்றும் ஒரு மோடுலேட்டர், சில ஆம்ப்ளிஃபயர், மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு இழுத்த கேபிள் இருந்தால் ஒரு தெருவுக்கே படம் போட முடிந்தது. கேபிள் தொழிலின் தொடக்கமே இந்த உள்ளூர் ஒளிபரப்புதான். டிஷ் ஆன்டெனா பிறகு வந்தது. 1991 வளைகுடாப் போரின்போது செயற்கைக்கோள் செய்தி வந்தது. அந்த ஆண்டே ஸ்டார் சேனல்கள் வந்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியதும் கேபிள் இல்லாத வீடு குறையத் தொடங்கியது.

கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1995இல் வந்தது. 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனல்களுக்குச் செட்டாப் பாக்ஸ் முறை நடைமுறைக்கு வந்தது. அரசு கேபிள் நிறுவனம் 2007இல் உருவாகி, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தரத் தொடங்கியது. முழு டிஜிட்டல் மாற்றம் பெருநகரங்களில் 2012இல் ஆரம்பித்தது. சிற்றூர்களுக்கு 2017 மார்ச் 31 கடைசி நாள். ஊர்ச் சேனலுக்குப் பெரிய திருப்பம் இதுதான். அனலாக் காலத்தில் உள்ளூர்க் கேபிள்காரர் தன் கன்ட்ரோல் ரூமிலேயே ஒரு மோடுலேட்டரைச் செருகிச் சேனல் தொடங்கிவிடுவார். டிஜிட்டலில் சிக்னல், சேனல்களைத் திரட்டி உள்ளூர்க் கேபிள்காரர்களுக்குத் தரும் பெரிய நிறுவனமான எம்.எஸ்.ஓ.வின் தலைமைக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், மற்றச் சேனல்களோடு கலந்து, பூட்டப்பட்டுத் திரும்பி வர வேண்டும். பல ஊர்ச் சேனல்கள் அந்த ஆண்டுகளில் நின்றுபோனதற்கு இதுவே காரணம். மக்களின் ஆர்வம் அப்போதும் குறையவில்லை.

முதல் படி: உரிமமும் விதிகளும்

கருவி வாங்குமுன் இதை முடியுங்கள். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஊர்ச் சேனல் ‘பிளாட்ஃபார்ம் சர்வீஸ்’ (கேபிள் நிறுவனம் தன் சந்தாதாரருக்கு மட்டும் தரும் சொந்தச் சேனல்) என்ற வகையில் வருகிறது. அதைப் பதிவு செய்ய வேண்டியவர் எம்.எஸ்.ஓ.; ஒரு சேனலுக்கு ஒருமுறை 1,000 ரூபாய் கட்டணம். செய்தியும் நடப்பு நிகழ்ச்சியும் காட்ட வேண்டுமானால் அவர் கம்பெனியாகப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவரால் கொண்டுசெல்லக்கூடிய மொத்தச் சேனல் எண்ணிக்கையில் 5 சதவீதத்துக்கு மேல் இத்தகைய சேனல்கள் இருக்கக் கூடாது. மாவட்ட அளவில் கூடுதலாக 2 சேனலுக்கு இடம் உண்டு. திரையில் ‘பிளாட்ஃபார்ம் சர்வீசஸ்’ என்ற சொல் தெரிய வேண்டும். ஒளிபரப்பிய எல்லாவற்றின் பதிவையும் 90 நாள் வைத்திருக்க வேண்டும். ஒரு எம்.எஸ்.ஓ.வில் வரும் சேனலை இன்னொருவருக்குப் பகிரக் கூடாது. கோயில் போன்ற வழிபாட்டுத் தலங்களின் நேரலைக்கு மட்டும் விலக்கு. ஆகவே எம்.எஸ்.ஓ.வோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் போடும்போது பதிவு யார் பெயரில், 90 நாள் பதிவு யார் பொறுப்பு, சேனல் எண் மாறினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற மூன்றையும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்களே உள்ளூர்க் கேபிள் ஆபரேட்டராகவும் இருந்தால் உங்கள் பதிவும் செல்லுபடியாக இருக்க வேண்டும். முன்பு தலைமைத் தபால் நிலையத்தில் நடந்த இந்தப் பதிவு 2025 ஜனவரி முதல் அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா இணையதளத்துக்கு மாறிவிட்டது. கட்டணம் 5,000 ரூபாய், 5 ஆண்டுக்குச் செல்லும்.

விளம்பர விதியில் பலர் அறியாமலே தவறுவது இரண்டு இடத்தில். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. அதில் 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த அறிவிப்பு. அடுத்தது, நிகழ்ச்சி ஓடும்போது திரையின் கீழே நிலையாகவோ ஓடும் வரியாகவோ விளம்பரம் போடுவதைக் கேபிள் தொலைக்காட்சி விதிகளின் விதி 7 தடுக்கிறது. கீழ்வரியில் மின்தடை அறிவிப்பு, ரத்தம் தேவை, இரங்கல் செய்தி வரலாம். கடை விளம்பரத்தை இடைவேளைக்கு மாற்றுங்கள். சர்க்கரை நோயை அடியோடு குணமாக்குகிறோம் என்று வரும் வைத்தியர் விளம்பரம் நல்ல பணம் தரும். 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டம் அதைத் தடுக்கிறது. வாங்காதீர்கள், நம்பிப் பார்க்கிறவர் உங்கள் ஊர்க்காரர்.

புதுப் படத்தைத் திருட்டுத்தனமாக ஓட்டுவது அந்தக் காலத்துப் பழக்கம். பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றம். பாட்டுக்கும் உரிமம் வேண்டும். பிறந்தநாள் வாழ்த்துக்குப் பின்னணியில் சினிமாப் பாட்டு போடுவதற்குப் பதில் ஊர் நாதஸ்வரக் கலைஞரிடம் ஒரு மணி நேர வாசிப்பை எழுத்து அனுமதியோடு பதிவு செய்துகொண்டால் ஆண்டு முழுக்க ஓட்டலாம்.

தேர்தல் நேரத்தில் அரசியல் விளம்பரம் எதுவானாலும் மாவட்ட ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன்அனுமதி வேண்டும். பதிவு பெற்ற கட்சியும் வேட்பாளரும் 3 நாள் முன்பும், மற்றவர்கள் 7 நாள் முன்பும் விண்ணப்பிக்க வேண்டும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் தேர்தல் பரப்புரை எதுவும் ஓடக் கூடாது. செய்தியில் குழந்தைகள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஆகியோரின் பெயர், முகம், வீடு, பள்ளி எதையும் காட்டாதீர்கள். சிற்றூரில் தெருவின் பெயரைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். மாநகரச் செய்தியாளரைவிட நமக்கு இங்கே கவனம் கூடுதலாக வேண்டும்.

இரண்டாம் படி: ஓடவிடும் அறை

சேனலின் இதயம் பிளேஅவுட் கணினி, அதாவது நிகழ்ச்சிகளை வரிசையாக ஒளிபரப்புக்கு ஓடவிடும் கணினி. அதற்குப் புதுசு, பெருசு வேண்டாம். வேறு எந்த வேலைக்கும் பயன்படாததாக இருந்தால் போதும். எடிட்டிங்கும் பிளேஅவுட்டும் ஒரே கணினியில் நடந்தால் ஒருநாள் செய்தி நடுவில் படம் நிற்கும். 16 ஜி.பி. நினைவகம், இயங்குதளத்துக்குத் தனி எஸ்.எஸ்.டி., நிகழ்ச்சிகளுக்குத் தனி வட்டு, எஸ்.டி.ஐ. (ஒளிபரப்புக் கருவிகளுக்கான டிஜிட்டல் வீடியோ இணைப்பு) வெளியீடு தரும் கார்டு. விண்டோஸ் தானாகப் புதுப்பித்துக்கொண்டு இரவு 3 மணிக்கு மறுதொடக்கம் ஆவதை நிறுத்துங்கள். ஸ்கிரீன்சேவர், தூக்க நிலை, அறிவிப்பு ஒலி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். தமிழில் பெயர் வைத்தால் சில மென்பொருள் அந்தக் கோப்பைத் தாண்டிப் போய்விடும், திரை கறுப்பாகும்.

எஸ்.டி. (எச்.டி. அல்லாத சாதாரணத் தரம்) ஒளிபரப்பின் அளவு 720 × 576, நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ்: அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஃபீல்டு எனப்படும் இரண்டு பாதிகளாக அடுத்தடுத்து வரும். இன்று வரும் காட்சியில் பாதி செல்பேசியில் எடுத்தது. செல்பேசி பெரும்பாலும் 30 ஃபிரேமில், அதுவும் வேகம் மாறி மாறிப் பதிகிறது. அப்படியே டைம்லைனில் போட்டால் பத்தாவது நிமிடத்தில் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். முதலில் அதை 25 நிலையான ஃபிரேமுக்கு மாற்றி, பிறகு வெட்டுங்கள். பக்கவாட்டில் போகும் பேருந்து மட்டும் நடுங்குகிறது, நிற்கும் ஆள் சரியாக இருக்கிறார் என்றால் ஃபீல்டு வரிசை தவறு. ஏற்றுமதி அமைப்பில் மேல் ஃபீல்டு முதலில் என்று மாற்றிப் பாருங்கள்.

தமிழ் எழுத்து தனிக்கதை. யூனிகோடு தெரியாத பழைய டைட்டில் மென்பொருளில் ‘கொ’ என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். எடிட்டிங் மென்பொருளின் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். மெல்லிய கோடுள்ள எழுத்துரு இன்டர்லேஸ் திரையில் மினுக்கும். தடித்த எழுத்துருவை 30 பிக்சலுக்குக் குறையாமல் போடுங்கள். ஓடும் வரியின் வேகம் ஒரு ஃபீல்டுக்கு முழு எண்ணாக, 2 பிக்சல் என்று இருக்கட்டும். நொடிக்கு 50 ஃபீல்டு என்பதால் நொடிக்கு 100 பிக்சல் நகரும். ஒரு சொல் திரையைக் கடக்க 7 நொடிக்குச் சற்று மேல் ஆகும். வயதானவர்கள் படிக்க அது போதும். 2.3 பிக்சல் போல வைத்தால் எழுத்து உதறும்.

ஒலிக்கு மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) என்ற சராசரியை எல்லாக் கோப்புக்கும் வையுங்கள். உச்சம் மைனஸ் 9 டெசிபலுக்கு மேல் போக வேண்டாம். விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடும் நிலை அப்போது வராது. ஹெட்போனில் நன்றாகக் கேட்டு, ஒற்றை ஸ்பீக்கர் டிவியில் மட்டும் குரல் காணாமல் போனால் இடது வலது ஒலிகள் ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில் இருந்து, சேரும்போது ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒரு பக்கத்தைத் தலைகீழாக்குங்கள், அல்லது ஒன்றையே இரண்டு பக்கமும் போடுங்கள்.

90 நாள் பதிவுக்குக் கணக்கு எளிது. நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் ஒரு நாளுக்கு 16.2 ஜி.பி.; 90 நாளுக்கு ஏறத்தாழ 1.46 டி.பி. ஒரு 2 டி.பி. வட்டு போதும், ஆனால் இரண்டு வாங்குங்கள். பதிவைப் பிளேஅவுட் கணினியிலிருந்து எடுக்காமல், செட்டாப் பாக்ஸிலிருந்து எடுப்பது நல்லது. அப்போதுதான் மக்கள் வீட்டில் உண்மையில் பார்த்தது எது என்பதற்குச் சான்று இருக்கும். இதோடு, ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்கவும் கேபிள் சட்டத்தின் பிரிவு 7 சொல்கிறது.

மின்சாரம்: கணினி, என்கோடர் (படத்தைச் சுருக்கி அனுப்பும் கருவி), ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து 500 வாட் என்று வையுங்கள். 150 ஏ.எச். பேட்டரி இரண்டு, 24 வோல்ட் இன்வெர்ட்டர் என்றால் பெயரளவில் 3,600 வாட் மணி. பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யாமல், இழப்பையும் கழித்தால் 3 மணி நேரம் ஓடும். ஆனால் வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடிப்பொழுதில் கணினி அணைந்து எழும். பிளேஅவுட்டுக்கும் என்கோடருக்கும் மட்டும் சிறிய ஆன்லைன் யு.பி.எஸ். நடுவில் போடுங்கள்.

மூன்றாம் படி: எம்.எஸ்.ஓ. வரை கொண்டுபோவது

பிளேஅவுட்டிலிருந்து எச்.264 என்ற சுருக்க முறையில் இயங்கும் என்கோடர், அங்கிருந்து ஃபைபர் அல்லது இணையம். எம்.எஸ்.ஓ. மறுபடி சுருக்குவார் என்றால் நீங்கள் 4 முதல் 6 மெகாபிட் வரை அனுப்புங்கள்; இரண்டு முறை நசுங்கிய படத்தில் தேரைச் சுற்றியுள்ள கூட்டம் வெறும் கட்டங்களாகத் தெரியும். இணையம் வழி என்றால் எஸ்.ஆர்.டி. என்ற அனுப்பும் முறையைக் கேளுங்கள், வழியில் தொலைந்த தரவுத் துண்டைத் திரும்பக் கேட்டு வாங்கும் வசதி அதில் உண்டு. தாமதத்தை 1 நொடிக்குக் கீழே இறக்க வேண்டிய அவசியம் ஊர்ச் சேனலுக்கு இல்லை, 2 நொடி வைத்து நிம்மதியாக இருங்கள்.

எம்.எஸ்.ஓ.விடம் 8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்றில், 64 க்யூ.ஏ.எம். என்ற டிஜிட்டல் அனுப்பும் முறையில், நொடிக்கு 6.875 மெகாசிம்பல் வேகத்தில் சுமார் 38 மெகாபிட் இடம் கிடைக்கும். அதில் பத்துப் பதினைந்து சேனல்கள் உட்கார்ந்திருக்கும். உங்களுக்கு 2 முதல் 3 மெகாபிட் வரும். பழைய என்கோடர் கெட்டுப் புதியதைப் போட்டதும் ‘சேனல் காணோம்’ என்று போன் வந்தால், பெரும்பாலும் சேனலையும் அதன் படம், ஒலியையும் அடையாளம் காட்டும் சர்வீஸ் எண்ணும் பி.ஐ.டி. எண்களும் மாறியிருக்கும். செட்டாப் பாக்ஸ் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். அந்த எண்களை ஒரு தாளில் எழுதி என்கோடர் மேலேயே ஒட்டிவையுங்கள்.

நான்காம் படி: வீடு வரை

எம்.எஸ்.ஓ.விடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: என் சேனல் எந்த அலைவரிசையில்? வீட்டுக்கு இழுக்கும் ஆர்.ஜி.6 கேபிளில் 100 மீட்டருக்கு 50 மெகாஹெர்ட்ஸில் 5 டெசிபல்தான் இழப்பு. 750 மெகாஹெர்ட்ஸில் 18 டெசிபலைத் தாண்டும். மேல் அலைவரிசையில் உட்கார்ந்த சேனல் தெருவின் கடைசி வீட்டில்தான் முதலில் உடையும். அனலாக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளி விழும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை படம் கண்ணாடி போல இருக்கும். அதற்குக் கீழே கட்டம் கட்டமாக உடைந்து திடீரென்று போய்விடும்.

வீட்டு முனையில் சிக்னல் அளவு 55 முதல் 65 டெசிபல் மைக்ரோவோல்ட், எம்.இ.ஆர். (சிக்னலின் தரத்தைக் காட்டும் எண்) 30க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. சிக்னல் 75 காட்டுகிறது, எம்.இ.ஆர். மட்டும் 24 என்றால் ஆம்ப்ளிஃபயரை அதிகம் முறுக்கியிருக்கிறார்கள். இன்னும் ஏற்றினால் இன்னும் கெடும், இறக்குங்கள். மழைக்குப் பின் ஒரு தெரு மட்டும் போனால், தெருக் கேபிளிலிருந்து வீட்டுக்குப் பிரிக்கும் டேப்-ஆஃப் கனெக்டரில் தண்ணீர். ஒரு வீட்டில் மட்டும் ஃபிரிட்ஜ் ஓடும்போது உடைந்தால், கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டர் தளர்ந்திருக்கிறது. லைன்மேன் கையில் மீட்டர் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

தேரோட்ட நேரலை

ஊர்ச் சேனல் தன்னை நிரூபிக்கும் நாள் இது. லட்சம் பேர் கூடிய இடத்தில் செல்பேசிக் கோபுரம் திணறும். 4ஜி நம்பிப் போன பெரிய சேனலின் நேரலை அங்கே நின்று நின்று வரும். உங்களுக்கோ தேர் நிலை இருக்கும் வீதியிலேயே சொந்த ஃபைபர் ஓடுகிறது. திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே கோயில் செயல் அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்து அனுமதி வாங்குங்கள். கருவறைப் படப்பிடிப்பைக் கேட்கவே வேண்டாம்.

ஒரு வாரம் முன் காலியான ஒரு ஃபைபர் இழையைக் குறித்து, இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி) போடுங்கள். ஒற்றை இழைக் கன்வெர்ட்டர் ஏ, பி என்று ஜோடியாக வரும்; ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது எதிர்மாறாக. கடையில் இரண்டும் ஏ கொடுத்துவிட்டால் விளக்கே எரியாது. இன்னொரு பொறி கனெக்டர் நிறம்: கேபிள் டிவி இழைகளில் முனை சாய்வாகச் சீவிய பச்சை ஏ.பி.சி., கன்வெர்ட்டரில் முனை நேரான நீல பி.சி. இரண்டையும் நேராகச் செருகினால் நுழையும், ஆனால் முனைகள் சரியாகத் தொடாமல் ஒளி வீணாகும். ஒரு முனை பச்சை, மறுமுனை நீலம் உள்ள பேட்ச் கார்டு வாங்கி வையுங்கள்.

கேமரா மூன்று போதும். ஒன்று வீதி முனையில் மாடி மேல், தேர் திரும்பும் இடம் முழுதும் தெரியும்படி, ஒன்று கோபுர வாசலில், ஒன்று கையில். எச்.டி.எம்.ஐ. கேபிளை 10 மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள். எஸ்.டி.ஐ. நல்ல கேபிளில் 70 மீட்டர் தாராளமாகப் போகும். கேபிளைத் தரையில் போட்டால் வடம் பிடிப்பவர்கள் மிதிப்பார்கள். முந்தின இரவே தலைக்கு மேல் கட்டுங்கள். தேரின் உச்சி எத்தனை அடி என்று கேட்டு, அதற்கும் மேலே கட்ட முடியாவிட்டால் வீதியைக் கடக்காமலே சுற்றிக் கொண்டுபோங்கள்.

ஒலி மைக்செட்காரரிடமிருந்து வரும். அவர் தருவது லைன் அளவு. கேமராவின் மைக் உள்ளீட்டில் செருகினால் கரகரவென்று கிழியும். இடையில் 40 டெசிபல் குறைப்பான் வேண்டும். அவர் ஜெனரேட்டரில், நீங்கள் மின்வாரிய இணைப்பில் என்றால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வரும். 1:1 விகிதமுள்ள ஒலித் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் நிற்கும். இரைச்சலை நிறுத்த எர்த் கம்பியைப் பிடுங்குவது உயிருக்கு ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். தவில் அருகே தானியங்கி ஒலி அளவை அணைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி கையால் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் நாதஸ்வரம் அமுங்கி எழும்.

அன்றாடச் சக்கரம்

24 மணி நேரமும் புதிதாகக் கொடுக்க எந்த ஊர்ச் சேனலாலும் முடியாது. ஆறு மணி நேரச் சக்கரம் ஒன்று செய்து நான்கு முறை சுற்றுங்கள். சக்கரத்துக்குத் தனியாக, இரவு 7.30 செய்தியை மட்டும் 9.30க்கும் மறுநாள் காலை 7க்கும் மறுபடி போடுங்கள். கடைக்காரர்கள் இரவு 9க்கு மேல்தான் வீடு திரும்புவார்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, மே மாதப் பள்ளிச் சேர்க்கை ஆகிய மூன்றும்தான் விளம்பரப் பருவம். மற்ற மாதங்களைத் தாங்க ஆண்டு ஒப்பந்தம் வேண்டும். விளம்பரக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய டேப்புகள்

1990களில் தொடங்கிய சேனலின் பரணில் வி.எச்.எஸ். டேப் குவிந்திருக்கும். அந்த ஊரின் அந்தக் காலத்து அசையும் படம் வேறெங்கும் இருக்காது. வெள்ளைப் பூஞ்சை படிந்த டேப்பை டெக்கில் போடாதீர்கள். ஹெட் அடைபட்டு அடுத்த டேப்பும் கெடும். பூஞ்சை இல்லாதவற்றை முதலில் எடுத்து, முழுதாக முன்னும் பின்னும் ஒருமுறை சுற்றி, பிறகு ஓட்டுங்கள். ஹெட்டை ஐசோபுரொப்பில் ஆல்கஹால் நனைத்த மென்தோலால் பக்கவாட்டில் மட்டும் துடைக்க வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் உடையும். படம் துள்ளினால் டெக்குக்கும் கணினிக்கும் இடையில் டைம் பேஸ் கரெக்டர் (துள்ளலை நேராக்கும் கருவி) போடுங்கள். டிஜிட்டல் வீடியோ (DV) என்ற கோப்பு வடிவில் பதிந்தால் மணிக்கு 13 ஜி.பி. ஆகும். இரண்டு வட்டில் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பிறகு அந்த ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து ஓட்டிக் காட்டி, எந்த ஆண்டுத் திருவிழா, எந்தத் தெரு, வடம் பிடிப்பவர்கள் யார் யார் என்று அவர்கள் சொல்லச் சொல்லக் கோப்புக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். டேப் உறையில் பெரும்பாலும் ‘திருவிழா 2’ என்று மட்டுமே இருக்கும்.